படபடப்புக்கு மனோவசியம் மருந்தாகுமா?

(எமது சங்கத்தின் மாதர் அணிக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றியோ வீட்டுக் காணியைப் பற்றியோ பேச நான் எழுந்து நிற்கவில்லை. அதைப் பேசுவதற்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரு அடகுத் துண்டைப் பற்றி.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டிவிசனில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அவர் கையில் அடகுக் கடைத் துண்டு இருந்தது. காதுத் தோட்டை வைத்து எடுத்த காசை டவுனில் ஒரு ஆளிடம் முற்பணமாகக் கட்டியிருக்கிறார். "ஏழு தடவை மனோவசியம் செய்தால் பயம் அடியோடு போய்விடும்" என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை முடிந்துவிட்டது. மூன்றாவது தடவைக்கு வரும்போது துணைக்கு யாரையும் கூட்டி வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா என்னிடம் கேட்டார்: "டீச்சர், இந்த மனோவசியம் மெய்யா, இல்ல ஏமாத்தா? நான் போகவா, வேணாமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வைத்தியர் இல்லை, பாடசாலை ஆசிரியை. ஆகையால் தேடிப் படித்தேன், வைத்தியசாலைக்கு அவரோடு போனேன், அங்கே கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனோவசியம் என்பது மெய்தான், அது வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு முறை. அந்த ஆள் செய்தது ஏமாற்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் அக்காவின் தோடு அடகுக்குப் போயிருக்காது.

முதலில் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து எட்டுப் பேரைக் கொட்டியது. அக்காவும் அதில் ஒருவர். மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு வந்தார். முகத்து வீக்கம் வற்றியது, வேலைக்கும் போனார். ஆனால் ஒரு மாதம் கழித்து, அதே மலையில் நிரை பிடித்து நிற்கும்போது, காரணம் ஒன்றும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. கை விரல் மரத்தது, உடம்பு நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. "நான் சாகப்போறேன், புள்ளைகளைப் பாத்துக்கங்க" என்று கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று எல்லோரும் பயந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோட்ட மருந்தகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் "நடிப்பு" என்று சொல்லி அரைப்பேர் போட்டார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தது. பஸ்ஸில் வந்தது. கோயிலில் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வந்தது. அக்கம்பக்கத்தில் "மலையில ஏதோ அடிச்சிருக்கு" என்றார்கள். கோடாங்கி பார்த்தார்கள், சேவல் அறுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில்தான் அந்த டவுன் ஆள்.

தாய்மாரே, இதில் பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. வைத்தியர்கள் இதற்குப் பீதித் தாக்கு என்று பெயர் சொல்கிறார்கள். நம் பேச்சில் படபடப்பு என்கிறோம். இது எப்படி வருகிறது என்று விளங்கினாலே பாதிப் பயம் குறையும்.

நம் உடம்புக்குள் ஒரு சங்கு இருக்கிறது. தொழிற்சாலைச் சங்கு மாதிரி. ஆபத்து வந்தால் அது ஊதும். ஊதியதும் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், இரத்தம் கை காலுக்கு ஓடும். குளவி வரும்போது ஓடுவதற்கு இந்தப் பலம் வேண்டும், அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரு பெரிய ஆபத்தைப் பார்த்த பிறகு சிலருக்கு இந்தச் சங்கு சும்மா இருக்கும்போதும் ஊதத் தொடங்கும். ஈ ஒன்று பறக்கும் சத்தம் போதும், ஒரு வாசனை போதும். சில நேரம் எதுவுமே வேண்டாம். வேகமாக மூச்சு வாங்குவதால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். பீதித் தாக்கினால் மட்டும் யாரும் சாவதில்லை.

ஆனால் அது வந்துபோன பிறகு "மறுபடி வந்துவிடுமோ" என்ற பயம் தங்கிவிடுகிறது. அதுதான் ஆளை முடக்குகிறது. முதலில் அந்த மலைக்குப் போகப் பயம், பிறகு எந்த மலைக்கும் போகப் பயம், பிறகு லயத்து வாசலைத் தாண்டப் பயம். பேர் குறைகிறது, கடன் கூடுகிறது, கடன் கூடக் கூடப் படபடப்பும் கூடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மூச்சு முட்டுதல் என்று முதல் தடவை வந்தால் "இது படபடப்புதான்" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். மாரடைப்புக்கும் இதே மாதிரித் தோன்றலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் குறைவாக இருந்தாலும், தைரொயிட் சுரப்பியில் கோளாறு இருந்தாலும், சீனி குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். நம் பெண்களில் எத்தனை பேர் இரத்தக் குறைவோடு மலை ஏறுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். காலையில் வெறும் வயிற்றில் கடுஞ்சாயம், அதற்கு மேல் வெற்றிலையும் புகையிலையும் என்றால் அதுவும் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். அந்த அக்காவுக்கும் முதலில் இந்தச் சோதனைகள்தான் செய்தார்கள். இரத்தம் குறைவு என்று தெரிந்தது, அதற்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

இப்போது மனோவசியத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெயரே நம்மைக் குழப்புகிறது. வசியம் என்றதும் மை, மந்திரம், ஒருவர் மனதை இன்னொருவர் கட்டிப்போடுவது என்றுதான் நினைக்கிறோம். இதற்குத் தமிழில் இன்னொரு பெயர் இருக்கிறது: அறிதுயில். பள்ளிகொண்ட பெருமாள் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கண் மூடியிருக்கும், ஆனால் உலகமெல்லாம் அவருக்குத் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறிந்துகொண்டே துயில்வதுதான் அறிதுயில். எனக்கு இந்தப் பெயர்தான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அந்த நிலையில் நாம் தூங்குவதில்லை. பேசுவது கேட்கும். பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. கொழுந்து எடுக்கும்போது கை தன்பாட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டிருக்கும், மனம் கொழும்பில் வேலை செய்யும் மகனிடம் போயிருக்கும். பக்கத்தில் ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பீர்கள். மனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியுள்ளது பின்னால் போய்விடும் அந்த நிலைக்கு மிக அருகில் இருப்பதுதான் அறிதுயில். வைத்தியர் செய்வது, அந்த நிலைக்கு நாம் விரும்பிப் போவதற்கு வழி காட்டுவது. போன பிறகு, உடம்பைத் தளர்த்துவதற்கும் பயத்தை வேறு விதமாகப் பார்ப்பதற்கும் சில சொற்களைச் சொல்லித் தருவது. வேலை செய்வது நம் மனம்தான்.

இதன் வரலாற்றிலும் ஏமாற்றும் மெய்யும் கலந்தே வந்திருக்கின்றன. 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெஸ்மர் என்ற வைத்தியர் பாரிசில், தன்னிடம் ஒரு காந்த சக்தி இருக்கிறது, அதனால் நோய் தீர்க்கிறேன் என்றார். கூட்டம் அலைமோதியது. 1784 இல் பிரான்ஸ் மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளினும் அதில் இருந்தார். காந்த சக்தி என்று ஒன்றும் இல்லை, நோயாளியின் கற்பனையும் எதிர்பார்ப்பும்தான் வேலை செய்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். மந்திரக்காரரின் சக்தி பொய்யானது. ஆனால் நோயாளியின் மனதுக்கே அப்படி ஒரு பலம் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிய வந்தது.

1840களில் மான்செஸ்டர் நகரத்து சத்திரசிகிச்சை வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்டு இதை ஆராய்ந்து, ஹிப்னோட்டிசம் என்ற பெயரைப் பரப்பினார். அதே காலத்தில், 1845 இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஊக்லியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற வைத்தியர், குளோரோபோம் வருவதற்கு முன்பே, நோயாளிகளை இந்த முறையில் அமைதிப்படுத்திச் சத்திரசிகிச்சைகள் செய்தார். நம் முன்னோர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு 1955 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கமும் 1958 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், பயிற்சி பெற்றவர்கள் செய்தால் இது வைத்தியத்தில் பயன்படும் முறைதான் என்று ஏற்றுக்கொண்டன.

நம் நாட்டிலும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் திருவல்லாவில் 1898 இல் பிறந்தவர். இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலும் தாவரவியல் படிப்பித்த ஆசிரியர். 1959 இல் ஓய்வு பெற்றார், 1978 இல் கொழும்பில் காலமானார். பேய் பிடித்தது, வீட்டில் கல் விழுகிறது, சூனியம் வைத்துவிட்டார்கள் என்று வந்த குடும்பங்களை விசாரித்து, அதற்குப் பின்னால் இருந்த மனக் கஷ்டத்தைக் கண்டுபிடித்தார். பலரை மனோவசியத்தின் மூலமே தேற்றினார். அவருடைய பகுத்தறிவுக் கருத்துகளை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவள்தான். ஆனால் "பேய் பிடித்தவள்" என்று ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் உட்கார்ந்து "உனக்கு என்ன கஷ்டம்" என்று கேட்ட ஒரு ஆசிரியர் இந்த நாட்டில் இருந்தார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

இனி, மனோவசியத்தால் முடிவது என்ன, முடியாதது என்ன?

மனப் பதட்டத்தைக் குறைக்க இது உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தனியாகச் செய்வதைவிட வேறு சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடுதல். பீதித் தாக்குக்கு வைத்தியர்கள் முதலில் கொடுப்பது இரண்டு. ஒன்று, பேச்சுச் சிகிச்சை. பயமூட்டும் எண்ணங்களைச் சரிபார்த்து, ஒதுங்கிப்போன இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழக்குவது. மற்றது மாத்திரை. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், ஆகையால் இடையில் நிறுத்தக்கூடாது. அறிதுயில் இவற்றுக்குத் துணை. சமையலில் உப்பு மாதிரி. உப்பை மட்டும் சாப்பிட முடியாது.

எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலிக்காது. சிலர் சீக்கிரம் அந்த நிலைக்குப் போவார்கள், சிலருக்கு வரவே வராது. வராதவர் மனப்பலம் குறைந்தவரும் இல்லை, வருகிறவர் ஏமாளியும் இல்லை. மறந்துபோன பழைய சம்பவங்களை இதன் மூலம் அப்படியே தோண்டி எடுக்கலாம் என்பது தவறு. அந்த நிலையில் மனம் இல்லாததையும் இருந்ததாகக் கட்டிவிடும். யாருக்காவது காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற சந்தேகம் இருக்கிறது என்றால் அவருக்கு இது வேண்டாம், நேரே மனநல வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

கிளினிக்கில் அக்காவுக்கு மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அங்கிருந்த வைத்தியர் அறிதுயில் பயின்றவர். கதவு திறந்திருந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தானாகச் செய்யும் ஒரு பயிற்சியை அவர் சொல்லிக்கொடுத்தார். காசு ஒன்றும் இல்லை. அதை உங்களுக்கும் சொல்கிறேன். இது தளர்வுப் பயிற்சிதான், சிகிச்சைக்குப் பதில் இல்லை. வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதலாவது: படபடப்பு இல்லாத நேரத்தில் பழகுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து நிமிடம் போதும். சுவரில் சாய்ந்து உட்காருங்கள். அடுப்பு எரியும்போதோ கத்தி கையில் இருக்கும்போதோ வேண்டாம்.

இரண்டாவது: சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். மூன்று எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். கண் பாரமானால் மூடிக்கொள்ளுங்கள். கண் மூடினால் பயம் கூடுகிறவர்கள் திறந்தபடியே செய்யலாம்.

மூன்றாவது: வேலை முடிந்து கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பாரம் இல்லாமல் லயத்துக்குப் படி இறங்கி வருவதாக நினையுங்கள். பத்துப் படி. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒரு படி. பத்து, ஒன்பது, எட்டு... முதல் படியில் நெற்றி தளர்கிறது, அடுத்ததில் தாடை, அடுத்ததில் தோள். கூடை கிடந்த தோளில் எவ்வளவு இறுக்கம் இருந்தது என்று அப்போதுதான் தெரியும்.

நான்காவது: கடைசிப் படிக்கு வந்ததும், உங்களுக்கு நிம்மதி தரும் ஒரு இடத்தை மனதில் பாருங்கள். அக்காவுக்கு அது தாயின் வீட்டுப் பீலிக்கரை. தண்ணீர்ச் சத்தம், குளிர், ஈர மண் வாசனை எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பெருவிரலையும் சுட்டு விரலையும் சேர்த்து மெதுவாக அழுத்திக்கொண்டு மனதுக்குள் சொல்லுங்கள்: "படபடப்பு வரும், ஏறும், இறங்கிப் போகும். நான் இங்கேயே இருப்பேன்." இனி வரவே வராது என்று சொல்லாதீர்கள். மறுபடி வந்தால் நம்பிக்கை உடைந்துவிடும்.

ஐந்தாவது: ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி, கண்ணைத் திறந்து, கை காலை உதறிவிட்டு எழும்புங்கள்.

இரண்டு மூன்று வாரம் தினமும் செய்தால், விரல்களைச் சேர்த்ததும் உடம்பு அந்தத் தளர்வை நினைவுக்குக் கொண்டுவரப் பழகும். மலையில் படபடப்பு வந்தால் கூடையை இறக்கி வைத்து, சரிவு இல்லாத இடத்தில் உட்கார்ந்து, நீளமாக மூச்சை விட்டு, விரல்களைச் சேருங்கள். ஒன்று கவனம்: உண்மையாகவே குளவி கலைந்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டியதுதான். அந்தப் பயம் சரியான பயம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருக்காவது இப்படி வந்தால் கூட்டம் போடாதீர்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், கன்னத்தில் தட்டாதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன் அக்கா, என்னோட சேர்ந்து மூச்சு விடுங்க" என்று சொல்லி, நீங்களும் மெதுவாக மூச்சு விடுங்கள்.

ஆண்களுக்கும் இது வருகிறது. அவர்கள் சொல்வதில்லை, சாராயத்தில் அமுக்குகிறார்கள். குடித்தால் அன்றைக்கு அடங்கும், மறுநாள் காலையில் இரண்டு மடங்காக வரும். அண்ணன்மாரே, கிளினிக் உங்களுக்கும்தான் திறந்திருக்கிறது.

இனி ஏமாற்றுக்காரரை எப்படி அடையாளம் காண்பது? அக்காவின் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். "நூறு வீதம் குணமாகும்" என்று உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதீர்கள். ஏழு தடவைக்கும் சேர்த்து முன்கூட்டியே காசு கேட்பவரிடம் போகாதீர்கள். மருந்தை நிறுத்து என்பவரிடம், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்பவரிடம் போகாதீர்கள். எங்கே பயின்றீர்கள், எந்த வைத்தியசாலையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்த வேண்டும், துணைக்கு ஆள் வேண்டாம், உடம்பைத் தொட வேண்டும் என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வெளியே வாருங்கள். ஒரு பெண் தன் துணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதால் எந்த நல்ல வைத்தியமும் கெட்டுப்போகாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தலைவியிடம் சொல்லுங்கள். பொலிசுக்கு நாங்கள் கூட வருவோம்.

தோழர்களே, கடைசியாகச் சங்கத்தின் பக்கத்திலிருந்து பேச வேண்டியதைப் பேசுகிறேன்.

பயத்தைத் தாங்கப் பழகுவது ஒன்று, பயத்துக்குக் காரணமானதை அகற்றுவது வேறு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியது. அதற்குப் பிறகு மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் சரிவுக்குக் கீழே படுத்திருக்கும் தாய்க்கு நெஞ்சு படபடத்தால், அவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் வேண்டும். குளவிக் கூடு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது தொழிலாளியின் மனதை மட்டும் பழக்குவது நியாயம் இல்லை. நாளைக்கு ஒரு நிர்வாகம் "மனோவசியம் பழகிக்கொண்டு மலைக்குப் போ" என்று சொன்னால், முதலில் கூட்டை அகற்று என்று சொல்வதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

ஆகையால் இந்தக் கூட்டத்தில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, குளவிக் கூடு உள்ள மலைக்கு, அதை அகற்றும் வரை ஆளை அனுப்பக்கூடாது. இரண்டு, குளவிக் கொட்டு, விழுதல், மண் சரிதல் எது நடந்தாலும் அன்றைக்கே தோட்டப் பதிவில் எழுத வேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, ஆனால் பதிவும் வைத்தியசாலைத் துண்டும் கையில் இல்லாமல் நாம் எதையும் கேட்க முடியாது. மருந்துச் சீட்டைக் கூடத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று, வேலை நேரத்தில் படபடப்பு வந்தவருக்கு அரைப்பேர் போடக்கூடாது, வைத்தியசாலைத் துண்டைக் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான்கு, மாதம் ஒரு நாளாவது தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்துக்கு வர சுகாதாரப் பணிமனையிடம் கேட்க வேண்டும். நெஞ்சுக்குள் இருப்பதை மொழி தெரியாதவரிடம் சைகையால் சொல்ல முடியாது.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு நொடி வந்தால் கூட, தனியாக இருக்காதீர்கள். அந்த இலக்கத்துக்கு அடியுங்கள், அல்லது பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மூன்றாவது தடவைக்கு அந்த ஆளிடம் போகவில்லை. கட்டிய காசும் திரும்பவில்லை. கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார், மாத்திரை குடிக்கிறார், இரவில் பத்துப் படி இறங்குகிறார். முதலில் மலை அடிவாரம் வரை நடந்தார். பிறகு தங்கச்சியோடு கீழ் நிரையில் நின்றார். ஆறு மாதம் கழித்து அதே மலையில் முழுப்பேர் எடுத்தார். படபடப்பு அடியோடு போகவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வருகிறது. "வருது டீச்சர். வந்தா கூடையை இறக்கி வச்சிட்டு உக்காந்துக்குவேன். அது போயிரும், நான் மறுபடி நிரைக்குப் போயிருவேன்" என்று அவரே சொல்கிறார்.

தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாதர் அணியின் சீட்டில் அடுத்த முறை அவருக்கு எடுத்துக் கொடுப்பது என்று போன கிழமை முடிவெடுத்திருக்கிறோம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இன்னும் சிலருக்கு இதே கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் பிள்ளை மடுவத்துப் பக்கம் கொஞ்ச நேரம் இருப்பேன். வாருங்கள், பேசுவோம்.